இல்லாத வேலிக்குச் சாட்சி தேடி லா சப்பலுக்கு

என் மனைவியின் தம்பி சுதன் நல்ல மனிதன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கலியாணத்துக்கு அடுத்த நாளே சீட்டு விளையாடி என் மோதிரத்தை வென்றவன் அவன். சீட்டில் கள்ளம் செய்தான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், மோதிரத்துக்கும் தெரியும். ஆனால் ஆட்கொணர்வு மனுவில் 'கொண்டுவரப்பட வேண்டிய ஆள் நல்லவரா?' என்று கேட்கிற பெட்டி கிடையாது. நான் தாளைத் திருப்பித் திருப்பித் தேடினேன். இருந்திருந்தால் பாரிசுக்கு அலைந்திருக்கத் தேவையில்லை.

கதை இதுதான். மூன்று வருடத்துக்கு முன் சுதன் கனடாவுக்கென்று ஒரு மீன்பிடிப் படகில் ஏறினான். நடுக்கடலில் இயந்திரம் நின்றது. ஒரு கடற்படைக் கப்பல் வந்து படகை இழுத்துக்கொண்டு போய் ஒரு தீவில் விட்டது. அந்தத் தீவில் பறப்பது ஒரு நாட்டின் கொடி, இறங்குவது இன்னொரு நாட்டின் போர் விமானம். நடுவில் கூடாரம் அடித்து, அதற்குள் சுதனும் எலிகளும்.

"தடுத்து வைக்கவில்லை, பராமரிக்கிறோம்" என்கிறது கொடிக்கார அரசாங்கம். விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் போகலாமாம். எதில் போவது என்று மட்டும் சொல்லவில்லை. நீந்தச் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

இலங்கைத் தமிழருக்கு ஆட்கொணர்வு மனு என்பது காய்ச்சல் மருந்து மாதிரி, எல்லா வீட்டுக்கும் தெரிந்த சாமான். பிடித்தவனே, பிடித்த ஆளைக் கொண்டுவந்து நீதிபதிக்கு முன்னால் நிறுத்து, ஏன் பிடித்தாய் என்று சொல். அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைகழுவிவிட்ட எனக்கே இது விளங்குகிறது. அரசாங்கத்தின் பெரிய வக்கீல்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் இரண்டு பதில் சொன்னார்கள். முதலாவது, வேலியே கிடையாது. இரண்டாவது, வேலி இருந்தாலும், வெளிநாட்டு ஆட்களுக்காக அந்தச் சட்டம் அவ்வளவு தூரத்துத் தீவுக்குப் போகாது. கொடி போகிறது, போர் விமானம் போகிறது, இறைச்சி டின் போகிறது. சட்டத்துக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாதாம், தலைசுற்றுமாம்.

லண்டனில் எங்கள் லோயர் அம்மா சொன்னார்: "இரண்டாவதை நான் வாதாடுவேன். முதலாவதுக்கு எனக்கு ஆள் வேண்டும். வேலிக்குள் இருந்து வெளியே வந்த ஆள்."

அப்படி ஓர் ஆள்தான் நிமலன். முல்லைத்தீவுக்காரன். தீவில் சுதனோடு ஒரே கூடாரத்தில் பதினான்கு மாதம் இருந்தவன். வயிற்றில் ஏதோ வெடித்து, அவனை ஆபிரிக்க நாடொன்றின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து எப்படியோ பாரிசுக்கு வந்துவிட்டான். லோயர் அம்மாவோடு ஒருமுறை போனில் எல்லாவற்றையும் சொன்னான். அவர் அதை இரண்டு பக்கத்தில் எழுதி, 'கையெழுத்து வை' என்றதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

ஆகவே இரண்டு பக்கத் தாளோடு என்னை அனுப்பினார்கள். நான் பெற்றோல் செட்டில் காசாளன். "வியாழக்கிழமை விசாரணை" என்றாள் வதனி, என் மனைவி. "கையெழுத்தில்லாமல் வந்தால் அங்கையே இருங்கோ."

திங்கள்

பாரிசுக்கு முதன்முதலாக வருகிறவர்கள் அண்ணாந்து கட்டடம் பார்ப்பார்கள். நான் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் இறங்கி நிலத்தைப் பார்த்து நடந்தேன், ஏனென்றால் நடைபாதை முழுக்க முருங்கைக்காய்ப் பெட்டி. லண்டனில் எங்கள் கடைகள் பெட்டியை உள்ளே வைத்து ஆளை வெளியே நிறுத்தும். இங்கே தலைகீழ்.

நிமலன் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடை ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் இருந்தது. முதலாளி மலர் அக்கா. கல்லாவில் இருந்தபடியே என் பையை, என் சப்பாத்தை, என் வயிற்றை ஒரு பார்வையில் படித்து முடித்தார்.

"லண்டனோ?"

"ஓம் அக்கா. எப்பிடித் தெரியும்?"

"உள்ளை வரேக்கையே 'சொறி' எண்டனீங்கள். இஞ்சை ஒருத்தரும் ஒண்டுக்கும் வருத்தப்படுறேல்லை. இருங்கோ, சோறு போடுறன்."

நான் நிமலன் என்ற பெயரைச் சொன்னேன்.

"எந்த நிமலன்? இந்தத் தெருவிலை மட்டும் நாலு பேர் இருக்கினம். விசா கிடைச்ச நிமலனோ, கேஸ் விழுந்த நிமலனோ?"

"தீவிலை இருந்த நிமலன்."

மலர் அக்காவின் முகம் மாறியது. கதவைப் பார்த்தார். "அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்றார். பிறகு கணவாய்க் கறியை இரண்டாம் முறை போட்டுவிட்டு, மெதுவாக, "சத்தமாச் சொல்லாதேங்கோ. வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிறான்" என்றார்.

கணவாய்க் கறி லண்டனில் நான் சாப்பிடுகிற எல்லாவற்றையும் அவமானப்படுத்தியது. மூன்றாம் முறை கேட்க வெட்கமாக இருந்தது, கேட்டேன்.

நிமலன் முப்பது வயது இருக்கும். வெங்காயத்தால் கண் சிவந்து வந்தான். தாளை எடுத்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அண்ணை, நான் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் கையெழுத்து வைக்கேலாது."

"உண்மையெண்டால் வைக்கலாம்தானே?"

"உண்மையெண்டபடியால்தான் ஏலாது. நாளைக்கு மாஸ்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். அவர் விளங்கப்படுத்துவார்."

அன்று அவனுடைய அறையில் தங்கினேன். பாரிசுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில் ஒரு மாடி, ஓர் அறை, ஐந்து பேர். ஆறாவது ஆளாக என்னைக் குளிர்ப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் போட்டார்கள். குளிர்ப்பெட்டி குறட்டை விட்டது. என்னுடையதைக் கேட்டு அது பயந்திருக்கும்.

செவ்வாய்

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. அகதிக் கேஸ் எழுதுகிற மாஸ்டர். தமிழில் நாம் அழுவதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பவர். போன் கடை ஒன்றின் பின்பக்கம், போன் உறைகள் தொங்குகிற சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை. மேசையில் கணினி, திருநீற்றுச் சிமிழ், மூன்று நிறத்தில் கோப்பு.

"நிமலனின்ரை கேஸ் நான்தான் எழுதினனான்" என்றார் பெருமையோடு. "இருபத்திரண்டு பக்கம். முதல் தரம் நிராகரிச்சவங்கள், அது வழமை. மேல்முறையீடு வாற மாசம். இதிலை வெல்லுவம்."

"அதிலை தீவு வருதோ மாஸ்டர்?"

"இல்லை. நான்தான் எடுத்தனான்."

"ஏன்?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். முட்டாள்களுக்கு விளக்கும்போது இவர்கள் எல்லோரும் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். "தீவிலை இவரை ஒருக்கா விசாரிச்சு அகதி இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள். அதை இஞ்சை சொன்னால், 'அங்கை அகதியில்லாதவன் இஞ்சை ஏன் வந்தவன்' எண்டு கேப்பாங்கள். பேந்து, அப்பிடி ஒரு தீவைப் பற்றி விளங்கப்படுத்தவே நாலு பக்கம் போகும். உண்மைக்கு நீளம் கூட, தம்பி. வாசிக்கிறவனுக்கு நேரமில்லை."

"அப்ப அந்தப் பதினாலு மாசமும் நிமலன் எங்கை இருந்தவர்?"

"கிளிநொச்சியிலை. ஒரு கிணறு தோண்டுறவரின்ரை வீட்டிலை ஒளிச்சிருந்தவர்."

"அப்பிடி ஓர் ஆள் இருக்கிறாரோ?"

"இல்லை. ஆனால் நல்லா வந்திருக்கிறார்" என்றார் மாஸ்டர். கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து பிரெஞ்சில் இருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினார். கிணறு தோண்டுகிறவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. மனைவி செத்துவிட்டாள். பகலில் கிணற்றுக்குள் நிமலனை இறக்கிவிட்டு, பொழுதுபட வாளியில் சோறு அனுப்புவார். நானே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். சுதனுக்காக ஒருநாளும் வெளியே வராத கைக்குட்டை.

நிமலன் கேட்டான்: "இப்ப தீவைப் போடலாமோ மாஸ்டர்?"

"தீவைப் போடலாம். கிணறு தோண்டுறவரை என்ன செய்யிறது?"

நிமலன் என்னைப் பார்த்தான். இப்போது எனக்கு விளங்கியது. லோயர் அம்மாவின் தாளில் அவன் கையெழுத்து வைத்தால், தீவில் இருந்த அதே பதினான்கு மாதமும் பிரெஞ்சுக் கேசில் கிளிநொச்சிக் கிணற்றுக்குள் இருந்ததாகிவிடும். ஒரே உடம்பு, இரண்டு இடம். அந்தத் தாள் இங்கே யாருடைய கண்ணிலாவது பட்டால் மேல்முறையீடு போச்சு, ரெசிப்பிசே என்று இவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற, முடிவு வரும்வரை நாட்டில் இருக்க விடுகிற மஞ்சள் தாளும் போச்சு, ஆளை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள்.

வெளியே வந்ததும் மாஸ்டரை நன்றாகத் திட்டினேன். கொஞ்ச நேரம் திட்டிய பிறகு என் சொந்தக் கேஸ் நினைவுக்கு வந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் லண்டனில் எனக்கும் ஒருவர் எழுதினார். அதில் நான் சிறை மதிலேறிக் குதித்துத் தப்பியிருக்கிறேன். இருட்டில், மழையில், காலில் காயத்தோடு. எனக்குப் பஸ்சில் ஏறவே ஆள் பிடிக்க வேண்டும். அந்த மதிலுக்குத்தான் விசா தந்தார்கள். அதோடு திட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு ரோல்ஸ் வாங்கினேன்.

புதன்

நிமலனுக்குப் பொபினியில் பிரெபெக்சர் என்கிற அரசாங்கக் கந்தோரில் மஞ்சள் தாளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நானும் போனேன். அவனைத் தனியே விட்டால் மனம் மாறாமலே போய்விடும் என்ற பயம்.

அறையில் இருந்த ஒருவன் தன் மாதாந்த ரயில் அட்டையைத் தந்தான். "அண்ணை, சும்மா காசு குடுக்காதேங்கோ. என்ரையைக் கொண்டு போங்கோ." அட்டையில் அவன் படம் இருந்தது. இருபத்தைந்து வயது, தலை நிறைய முடி. நான் ஐம்பத்திரண்டு, தலை நிறைய தலை. வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகம்தானே என்று நம்பிப் போட்டுக்கொண்டேன். வெள்ளைக்காரனைப் பற்றி எங்களுக்கு எவ்வளவு தாழ்ந்த அபிப்பிராயம் பாருங்கள்.

பொபினியில் இறங்கி வெளியே வரும் வழியில் பச்சை மேலங்கி போட்ட நான்கு டிக்கெட் பரிசோதகர்கள் நின்றார்கள். பின்னால் வந்த நிமலன் சட்டென்று சுவரில் இருந்த சவர்க்கார விளம்பரத்தைப் படிக்கத் தொடங்கினான். ஒரு பெண் என் அட்டையை வாங்கினாள், படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது நீங்களா?" என்று கேட்டாள்.

"கலியாணத்துக்கு முன்னால் எடுத்தது" என்றேன் என் ஆங்கிலத்தில்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னை வாங்கில் உட்காரவைத்துத் தண்டப்பணத் துண்டு எழுதினாள். இருபது நிமிடம் தடுத்து வைக்கப்பட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைப் பிடித்ததில்லை. கடைசியில் அந்தத் துண்டைத் தந்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, மெல்ல ஆங்கிலத்தில் சொன்னாள்: "பிடித்த இடம் இது, நேரம் இது, காரணம் இது. நாங்கள் செய்தது பிழை என்று நினைத்தால் இந்த விலாசத்துக்கு எழுதுங்கள். அவர்கள் பதிலில் திருப்தி இல்லையென்றால் அதற்கும் மேலே இன்னொரு இடம் இருக்கிறது."

துண்டோடு வெளியே வந்து பேக்கரி ஒன்றில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கழித்து நிமலன் வந்தான்.

"விளம்பரம் வாசிச்சு முடிஞ்சுதோ?" என்றேன்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. மேலங்கியைக் கண்டால் என்ரை கால் தானா திரும்புது."

அவன் வேலையை முடித்துக்கொண்டு வரும்வரை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கள்ள அட்டையில் ரயிலேறிய மொட்டைத் தலையனுக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு தாள், ஒரு காரணம், முறைப்பாட்டுக்கு இரண்டு வாசல். என் மச்சானுக்கு மூன்று வருடத்தில் ஒரு துண்டு கிடையாது. இத்தனைக்கும் நான் குற்றவாளி.

நிமலன் புதுப்பித்த மஞ்சள் தாளோடு வந்து, துண்டை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்தான். அவனுக்கென்று வாங்கி வைத்த கபே, இங்கத்தைய கோப்பி, ஆறிப் போயிற்று.

"இதைக் காட்டினா நீங்கள் இண்டைக்குப் பொபினியிலை நிண்டது உண்மை எண்டு ஆரும் சொல்லுவினம், என்ன அண்ணை?"

"ஓம். கள்ளன் எண்டும் சொல்லுவினம்."

"நான் அங்கை பதினாலு மாசம் இருந்தனான். கடற்கரைக்குப் போறதெண்டாலும் காவல்காரனைக் கேக்கோணும், அவனுக்கு மனமிருந்தால்தான் கூட்டிக்கொண்டு போவான். அதுக்கு ஒரு துண்டு இல்லை. என்ரை கேசிலையும் இல்லை. அவங்கள் மறைச்சது காணாதெண்டு நானும் மறைச்சுப்போட்டன். இப்ப சிலவேளை கனவிலை கிணறுதான் அண்ணை வருது. தீவு வருகுதில்லை."

நான் வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் பகிடி விடுவேன். இந்தமுறை துண்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"தாளைத் தாங்கோ" என்றான்.

"நிமலன், உமக்கு வாற மாசம்..."

"தெரியும். தாங்கோ. ஆனால் ஒண்டு சொல்லுறன். இது சுதன் அண்ணைக்காக இல்லை. அவர் என்ரை சவர்க்காரத்தைக் களவெடுத்தவர். சீட்டிலையும் கள்ளம்."

"என்ரை மோதிரத்தையும்" என்றேன்.

இரண்டு பக்கத்திலும் கையெழுத்து வைத்தான். பின்னேரம் லூயி-பிளாங் போன் கடையில் படமெடுத்து லோயர் அம்மாவுக்கு அனுப்பினோம்.

வியாழன்

விசாரணையைக் குடும்பம் பார்க்கலாம் என்று லோயர் அம்மா ஓர் இணைப்பு அனுப்பியிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை பூட்டியிருந்த நேரம். மலர் அக்கா என் போனைத் தேங்காய்ப்பால் டின்னில் சாத்தி வைத்தார். நிமலன் கரட் சீவினான். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. எனக்குத் தெரிந்தது பெற்றோல் செட் ஆங்கிலம்: எத்தனையாம் பம்ப், ரசீது வேண்டுமா, கழிப்பறை பழுது.

திரையில் நீதிபதி, வக்கீல்கள், பெரிய பெரிய கோப்புகள். அந்தத் தீவுக்கென்று அமைத்த நீதிமன்றம் அது. அதில் ஒருவர்கூடத் தீவில் இல்லை. தீவுக்குச் சட்டம் போகுமா என்று பேசுகிறவர்கள் எல்லோரும் தீவுக்கு ஒருநாளும் போகாதவர்கள்.

அரசாங்க வக்கீல் எழுந்தார். முகத்துக்கும் இஸ்திரி போட்டிருந்தார். நேற்று வந்த சாட்சியத்தைப் படித்ததாகச் சொன்னார். வேலியையும் காவலாளியையும் பற்றி அந்தச் சாட்சி சொல்வதைத் தாங்கள் மறுக்கவில்லை என்றார்.

"என்னவாம்?" என்றார் மலர் அக்கா.

"வேலி இருக்காம்."

"நேற்றுவரை இல்லையெண்டவங்கள்?"

"இண்டைக்கு முளைச்சிட்டுதாம். அது அவையின்ரை பாதுகாப்புக்குத்தானாம்."

"ஆரிட்டையிருந்து? எலியிட்டையிருந்தோ?"

நிமலன் கரட் சீவுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே கரட்டையே சீவிக்கொண்டிருந்தான், கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு வக்கீல் தன் இரண்டாவது பதிலுக்கு வந்தார். இரண்டு மணித்தியாலம். வெளிநாட்டவன், வெளிக்கடல், வெளித்தீவு. பழைய பழைய வழக்குகள், செத்துப்போன ராசாக்கள். எல்லாவற்றின் சாரம்: ஆள் இருக்கிறார், வேலி இருக்கிறது, கேள்வி கேட்க மட்டும் உங்களுக்கு உரிமை இல்லை. எங்கள் லோயர் அம்மா எழுந்து ஒரே கேள்வி கேட்டார்: காவலாளிக்குக் கட்டளை போகிற தூரத்துக்கு, அந்தக் கட்டளை ஏன் என்ற கேள்வி போகாதா?

நீதிபதி மற்றப் பக்கம் திரும்பினார். "சரி, இந்த மன்றம் கேட்க முடியாதென்றால், இந்த மனிதர் எந்த மன்றத்துக்குப் போகலாம்?"

இஸ்திரி வக்கீல் கோப்பைப் புரட்டினார். இன்னொரு கோப்பைப் புரட்டினார். "அந்தக் கேள்வி இன்று இந்த மன்றத்தின் முன்னால் இல்லை" என்றார். நான் என் சட்டைப்பையில் கைவைத்துப் பார்த்தேன். பொபினித் துண்டு பத்திரமாக இருந்தது, இரண்டு விலாசத்தோடும்.

தீர்ப்பு பிறகு என்றார் நீதிபதி. எப்போது என்று சொல்லவில்லை.

லண்டனிலிருந்து வதனி போன் அடித்தாள். "என்னவாம்?"

"வேலி இருக்கெண்டு ஒத்துக்கொண்டிட்டாங்கள்."

"அது எங்களுக்குத் தெரியும்தானே. ஆளை எப்ப விடுவாங்களாம்?"

"அதைக் கேக்கலாமோ எண்டு யோசிக்கினமாம்."

அவள் போனை வைக்கவில்லை. அழுவது கேட்டது. மோதிரத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று அப்போது நினைத்தேன்.

போனை வைத்ததும் நிமலன் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வந்தான்.

"அண்ணை, அவங்கள் நான் சொன்னதை மறுக்கேல்லை எண்டது உண்மையோ? நீங்கள் பகிடிக்கு மொழிபெயர்க்கேல்லையே?"

"சத்தியமா."

"அப்ப நான் அங்கை இருந்தனான் எண்டு ஓர் அரசாங்கமே சொல்லியிருக்கு. அதை எழுத்திலை வாங்கித் தாங்கோ. இஞ்சை காட்டோணும்."

வெள்ளி

லோயர் அம்மாவின் கடிதம் காலையிலேயே வந்தது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் சரியாக. இந்தச் சாட்சி அந்தத் தீவில் பதினான்கு மாதம் வேலிக்குள் இருந்ததை அரசாங்கம் மறுக்கவில்லை. போன் கடையில் அச்சடித்து, தாள் சூடு ஆறுமுன் பின்பக்கம் மாஸ்டரிடம் போனோம்.

மாஸ்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "பொய் சொன்னனான் எண்டு நீரே போய்ச் சொல்லப்போறீரோ? அவங்கள் அதை மன்னிக்காமலும் விடலாம்."

"தெரியும் மாஸ்டர். புதுசா எழுதுங்கோ. நான் சொல்லச் சொல்ல."

"நாலு பக்கம் கூடப் போகும்."

"போகட்டும்."

மாஸ்டர் கணினியில் பழைய இருபத்திரண்டு பக்கத்தையும் திறந்தார். பிறகு உண்மையாகவே வருத்தத்தோடு கேட்டார்: "அப்ப அந்தக் கிணறு தோண்டுறவர்?"

"அவரை விடுங்கோ மாஸ்டர்" என்றான் நிமலன். "பாவம், வீட்டை போகட்டும்."

மாஸ்டர் ஒரு விசையை அழுத்தினார். இரண்டு விரல் இல்லாத கையோடு, வாளியோடு, செத்த மனைவியோடு, மனுசன் ஒரு நொடியில் போய்விட்டார். யாரும் மனுப் போடவில்லை, யாரும் ராசா காலத்து வழக்கைப் புரட்டவில்லை, எந்தக் கடலும் குறுக்கே வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குத் தெரிந்து விடுதலையானது அந்த ஓர் ஆள்தான்.